மைதானத்தில் உழைப்பவனுக்கும் பங்கு வேண்டும்!

(கல்லூரி மாணவர் சந்திப்பில் நமது ஐ.டி. அணித் தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் 1919-ல் தொடங்கப்பட்ட அரசுப் பல்கலைக்கழகம் யு.சி.எல்.ஏ. எம்.எஸ். படிக்க நம்ம சீனியர்கள் அப்ளிகேஷன் போடுற இடம். நான் இன்னிக்கு பேசப்போறது அதோட லேப் பத்தி இல்ல, மைதானத்தைப் பத்தி.

அங்கே நான்கு விளையாட்டுகளில் பல்கலைக்கழக அணிக்கு ஆடிய ஜாக்கி ராபின்சன்தான், 1947-ல் அமெரிக்க பேஸ்பாலின் நிறவெறிச் சுவரை உடைத்தவர். ஸ்காலர்ஷிப்பில் படித்த ஆர்தர் ஆஷ், 1975-ல் விம்பிள்டன் வென்ற முதல் கறுப்பின ஆண் வீரர். ஒரு அரசுப் பல்கலைக்கழகம் கதவைத் திறந்துவிட்டா என்ன நடக்கும் என்பதற்கு இந்த ரெண்டு பேரே சாட்சி.

ஆனா இதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு.

அங்கே கல்லூரி ஃபுட்பாலும் கூடைப்பந்தும் பெரிய டி.வி. வியாபாரம். பல மாநிலங்களில் அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர் யார் தெரியுமா? கவர்னர் இல்லைங்க, பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர்! ஆடுற மாணவனுக்கு? படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு. அதுக்கு மேல வாங்கினா தப்பு. 'நீங்க அமெச்சூர்' என்று சொல்லியே என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு பல பத்தாண்டுகள் ஓட்டியது.

இதைக் கேள்வி கேட்டவரும் யு.சி.எல்.ஏ. மாணவர்தான். 1995-ல் கூடைப்பந்தில் தேசிய சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த எட் ஓபானன். பல வருஷம் கழிச்சு, கார் ஷோரூமில் வேலை பார்த்தபோது, ஒரு வீடியோ கேமில் தன் உருவத்தையே பார்த்தார். பைசா வரல. 2009-ல் வழக்கு போட்டார். 2014-ல் நீதிபதி கிளாடியா வில்கன் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் பணப்பகுதி அடிபட்டாலும், பூட்டு உடைஞ்சுடுச்சு.

2019-ல் கலிஃபோர்னியா சட்டம் போட்டது. 2021-ல் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அதே ஜூலையில், மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க நாடு முழுக்க வழி பிறந்தது. 2025 ஜூனில் அதே கிளாடியா வில்கன் இன்னொரு சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார். பழைய வீரர்களுக்கு 280 கோடி டாலர். இனி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்கே நேரடியாகக் கொடுக்கலாம்.

ஜெயிச்சாச்சுன்னு கைதட்டிட்டுக் கிளம்பிட முடியாது தோழர்களே. அந்தப் பழைய பாக்கியில் பெரும்பகுதி ஆண்களின் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் போகுது. கல்வியில் பாலினப் பாகுபாடு கூடாதுன்னு 1972-லேயே சட்டம் வந்தாச்சு; அதைச் சுட்டிக்காட்டி வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள்.

இன்னொன்றும் பாருங்க. டி.வி. பணத்துக்காக யு.சி.எல்.ஏ. 2024-ல் வேறு லீக்குக்கு மாறியது. இப்ப அங்கே வாலிபால் ஆடுற பொண்ணு, லீக் மேட்சுக்காக நாட்டின் மறுகோடியில் இருக்கும் நியூ ஜெர்சி வரைக்கும் பறக்கணும். கூட இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்காக, ஆண்டுக்கு 1 கோடி டாலர் யு.சி.எல்.ஏ. கொடுக்கணும்னு நிர்வாகக் குழுவே முடிவு பண்ணுச்சு. முடிவை எடுத்தது மேலே இருக்கிறவங்க. வகுப்பைத் தவறவிட்டு ஃபிளைட்டில் உட்கார்ந்து பாடம் படிக்கிறது மாணவி.

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் மக்கள் சொத்து. அதன் மைதானத்தில் வரும் வருமானம் யாருக்குப் போகுது, முடிவெடுக்கும் மேசையில் மாணவர் இருக்காரா, பெண்களுக்குச் சம பங்கு கிடைக்குதா? இந்த மூணு கேள்வியைக் கேட்காம எந்தக் கோப்பையையும் கொண்டாடாதீங்க. ஓபானன் ஒருத்தர் கேட்டார். பதில் வர 16 வருஷம் ஆச்சு. எல்லாரும் சேர்ந்து கேட்டா சீக்கிரம் வரும்.



#மாணவர்_உரிமை #விளையாட்டில்_சமநீதி