தெருவோர உணவும் தேர்ந்துண்ணலும்



உசிலம்பட்டியிலிருந்து மதுரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கல்லூரியில் சேரவும், தேர்வு எழுதவும், வேலைக்கான நேர்காணலுக்கும் அவ்வூரிலிருந்தும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் இளைஞர்கள் மதுரைக்கு வந்தவண்ணம் இருக்கின்றனர். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது கையிலிருக்கும் பணம் சிறிது. வயிற்றிலிருக்கும் பசியோ பெரிது. பெரிய உணவு விடுதிக்குள் நுழையப் பணம் இடங்கொடாது. தெருவோரக் கடையில் உண்ணலாமென்றாலோ, "கண்ட இடத்தில் தின்னாதே" என்று தாய் சொல்லியனுப்பிய சொல் தடுக்கிறது. பட்டினியோடு தேர்வு எழுதுவதா? ஆராயாமல் உண்டுவிட்டுத் தேர்வு நாளில் நோயுற்றுப் படுப்பதா? இரண்டும் வேண்டியதில்லை. தேர்ந்து உண்ணத் தெரிந்தால் போதும். அதைப்பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

தெருவில் உணவு விற்பதும் உண்பதும் மதுரைக்குப் புதியன அல்ல. சங்க நூலாகிய மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் இந்நகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைக்கிறார். அடையும் மோதகமும் விற்கும் கூவியர், இரவு வெகுநேரமானபின் தம் பண்டங்களோடு அமர்ந்தபடியே உறங்கிப்போவதையும் அவர் காட்டத் தவறவில்லை. உழைத்துக் களைத்த அந்த வணிகரின் வழியில் வந்தவர்களே இன்று மாசி வீதிகளில் இட்லிச் சட்டியருகே நிற்பவர்கள். ஆகவே தெருக்கடையில் உண்பதில் இழிவு ஏதுமில்லை. கவனிக்க வேண்டியது, எங்கே, எப்போது, எதை உண்பது என்பதே.

முதலாவது, ஒவ்வோர் உணவுக்கும் ஒரு வேளை உண்டு. காலையில் ஆவி பறக்கும் இட்லி. மாலையில் பணியாரமும் பருத்திப்பாலும். இரவில் பரோட்டாவும் கறி தோசையும். கோடை நண்பகலில் ஜிகர்தண்டா. வேளையறிந்து சென்றால் அப்போதே ஆக்கிய பண்டம் கிடைக்கும். வேளை தவறிச் சென்றால் எஞ்சியதே கிடைக்கும். இரவுக் கடையில் காலை இட்லியைக் கேட்பவன், கேட்டதைப் பெறுவான். ஆனால் அது எப்போது வெந்தது என்பதை அறியமாட்டான்.

இரண்டாவது, வெப்பமே நமக்குச் சிறந்த காவலாளி. 1854ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் காலரா பரவியபோது, ஒரு தெருக் குழாயின் நீரே அதற்குக் காரணம் என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் எடுத்துக்காட்டினார். 1884இல் நம் நாட்டின் கல்கத்தாவில் ஆராய்ந்த ராபர்ட் காக், அந்நோயின் கிருமியை உறுதிசெய்தார். காலராக் கிருமியும் டைபாய்டுக் கிருமியும் கொதிக்கும் நீரில் மடிந்துபோகின்றன. 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வைத்திருக்கும் உணவில் நோய்க்கிருமிகள் பெருகுவதில்லை. எனவே கொதித்துக்கொண்டிருக்கும் சால்னாவைவிட, காலையில் அரைத்து மாலைவரை வெயிலில் நிற்கும் தேங்காய்ச் சட்னியே அஞ்சத்தக்கது. இட்லி நீராவியில் வெந்தது. அதன்மேல் ஊற்றும் சட்னி வேகாதது. இட்லியைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் சட்னியையும் சற்று முகர்ந்து பார்க்க வேண்டும்.

பருத்திப்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். ஊறவைத்த பருத்தி விதையை அரைத்துப் பால் பிழிந்து, அரிசிமாவும் வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து, சுக்கும் ஏலமும் இட்டுக் காய்ச்சுகிறார்கள். அடுப்பில் கொதித்தபடியே கோப்பைக்கு வருவதால் ஏழை மாணவனுக்கு அது நம்பத்தக்க பானம். ஜிகர்தண்டா அத்தகையதன்று. சுண்டக் காய்ச்சிய பால், நீரில் ஊறிப் பருத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், பனிக்கூழ் ஆகியவற்றால் ஆகும் அந்தக் குளிர்பானத்தைச் சூடு காப்பதில்லை. பாலின் தூய்மையும், பிசின் ஊறிய நீரின் தூய்மையும், பரிமாறும் கையின் தூய்மையுமே காக்க வேண்டும். விளக்குத்தூண் பக்கம் அதைச் சுவைக்க விரும்புவோர், விரைந்து விற்றுத் தீரும் கடையை நாடுவது நன்று.

மூன்றாவது, கூட்டம். "கூட்டம் உள்ள கடையில் உண்" என்பது பலரும் கூறும் அறிவுரை. அதில் உண்மை உண்டு. கூட்டமுள்ள இடத்தில் பண்டம் தேங்குவதில்லை. ஆயினும் அது பாதி உண்மையே. கூட்டம் பெருகப் பெருகத் தட்டுக் கழுவும் வாளியின் நீர் கலங்கும். ஆகவே கூட்டத்தைக் கண்டதும், அந்த வாளியையும் காணுங்கள். அதில் நீர் அடிக்கடி மாற்றப்படுகிறதா? இலையில் பரிமாறுகிறார்களா? காசு வாங்கும் கையே உணவைத் தொடுகிறதா? இவ்வளவையும் அறிய ஒரு நிமிடம் நின்றால் போதும்.

இன்னும் இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். கறுத்துப் புகையும் எண்ணெயில் பொரித்ததும், கண்ணைப் பறிக்கும் நிறமேறியதும் வேண்டா. துணிச் சாயமாகிய ரோடமின்-பி கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நிறமேற்றிய பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததை அறிவீர்கள். செய்தித்தாளில் வடையைப் பொதிந்து தருவதையும் 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. அச்சு மை வயிற்றுக்கு உரியதன்று.

நேயர்களே, இதுவரை உண்பவரைப் பற்றிப் பேசினோம். விற்பவரையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். வாளியில் நீர் கலங்கியிருப்பது எப்போதும் கடைக்காரரின் சோம்பலால் அன்று. அருகில் குழாய் இல்லை. கழிவுநீர் செல்ல வழியில்லை. தலையில் சுமந்த நீரைக்கொண்டே அவர் இரவெல்லாம் சமாளிக்க வேண்டும். சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் இந்நிலையே இருந்தது. அங்கே 1968-69இல் தெரு வணிகரைப் பதிவு செய்தனர். 1971 முதல் 1986 வரை குழாயும் வடிகாலும் மின்சாரமும் அமைந்த உணவங்காடிகளைக் கட்டி அவர்களைக் குடியமர்த்தினர். தேக்கா அங்காடியில் இன்றும் நம் தோசையும் பரோட்டாவும் மணக்கின்றன. 2020ஆம் ஆண்டில் அந்த உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்துச் சிறப்பித்தது. தூய்மைக்கு வழிசெய்தபின் தூய்மை தானே வந்தது.

நம் நாட்டிலும் 2014ஆம் ஆண்டில் தெரு வணிகர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. விற்பனைக்குரிய இடங்களைப் பற்றி ஆராயும் நகரக் குழுவில் தெரு வணிகரின் பிரதிநிதிகள் 40 விழுக்காட்டிற்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. நாளை நகராட்சிகளிலும் அலுவலகங்களிலும் பொறுப்பேற்கப்போகும் நீங்கள், கடைக்காரரை விரட்டுவதற்குமுன் அவருக்கு ஒரு குழாய் அமைத்துக் கொடுக்க எண்ணுவீர்களாக.

அதுவரை உங்கள் கையிலும் ஓர் ஆற்றல் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் சில ரூபாய்கள் எந்தக் கடைக்குச் செல்கின்றனவோ அந்தக் கடை வாழும். இலையில் பரிமாறி, நல்ல நீரைக்கொண்டு, மூடி வைத்து விற்கும் மூதாட்டியின் கடையை நாடிச் சென்றீர்களானால், அடுத்த கடைக்காரரும் மூடி வாங்குவார். பிழை கண்டால் இகழாமல், "அம்மா, சட்னியைச் சற்று மூடி வையுங்கள்" என்று பணிவோடு சொல்லுங்கள், பெரும்பாலோர் கேட்பர்.

கண்ட இடத்தில் தின்னாதே என்பது நம் தாய்மார் மொழி. கண்டு ஆராய்ந்த இடத்தில், வேளையறிந்து, சூடாக உண்டு பசியாறினால் அம்மொழியை நாம் மீறியவராக மாட்டோம்.