டிக்கெட் வாங்கி உட்காருவோம்



பேராசிரியர் கே.ஏ. குணசேகரன் நினைவாக நடக்கும் கூட்டத்தில் நாடகக்காரர்களோ ஆய்வாளர்களோ பேசுவதுதான் வழக்கம். இந்த முறை பார்வையாளன் ஒருவனை மேடையேற்றியிருக்கிறீர்கள். நான் நாடகம் எழுதியதில்லை, நடித்ததில்லை. ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஏறக்குறைய 40 ஆண்டுகளாக நாடகம் பார்த்து வருகிறேன். சபா நாடகம், நவீன நாடகம், தெருக்கூத்து, வீதி நாடகம் எல்லாம் பார்த்திருக்கிறேன். முடிந்தவரை காசு கொடுத்துத்தான் பார்த்திருக்கிறேன்.

குணசேகரன் சிவகங்கைச் சீமையிலிருந்து வந்தவர். ‘வடு’ என்ற தன்வரலாற்றை எழுதியவர். இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாடலை ஊர் ஊராகக் கொண்டு போனவர். புதுவைப் பல்கலைக்கழகத்தில், சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் இயங்கும் நிகழ்கலைப் பள்ளியில் பாடம் சொன்னவர். ‘பலி ஆடுகள்’ நாடகத்தை நமக்குக் கொடுத்தவர். 2016 ஜனவரியில் அவர் மறைந்த பிறகு தலித் அரங்கு பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். யார் எழுதுவது, யார் நடிப்பது, யார் கதையை யார் சொல்வது என்று விவாதித்திருக்கிறோம். அந்த நாடகத்தை யார் பார்க்கிறார்கள், எங்கே உட்கார்ந்து பார்க்கிறார்கள், அதற்கான காசை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்விகள் மட்டும் அரங்கத்துக்கு வெளியே நின்றுகொண்டே இருக்கின்றன. இன்று அவற்றைக் கொஞ்சம் உள்ளே அழைத்து வரப் பார்க்கிறேன்.

முதலில் சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவை இங்கே பலர் படித்திருப்பீர்கள். அதன் இரண்டாம் உட்பிரிவு, சாதியின் பெயரால் எந்தக் குடிமகனையும் எந்தெந்த இடங்களில் தடுக்கக் கூடாது என்று வரிசையாகச் சொல்கிறது. கடைகள், உணவகங்கள், விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள். அதற்கு அடுத்துத்தான் கிணறு, குளம், படித்துறை, சாலை. நாடகக் கொட்டகை குடிதண்ணீர்க் கிணற்றுக்கு முன்னால் வந்துவிடுகிறது. பாபாசாகேப் தலைமையில் வரைவு எழுதியவர்கள் இதை அலங்காரத்துக்காகச் சேர்க்கவில்லை. மனிதர்கள் கூடி உட்கார்ந்து சிரிக்கும் இடத்தில் ஒருவனுக்கு இடமில்லை என்றால், அவனுக்கு ஊரிலும் இடமில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதற்கு முன்பே நம் மாகாணத்தில் இதற்காகப் போராடியவர்கள் இருந்தார்கள். 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் பொதுச் சாலை, கிணறு, பொதுக் கட்டடங்கள் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1938-இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் குடிமை இயலாமைகளை நீக்கும் சட்டம் வந்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976-இல் அதைத் திருத்திக் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். பொதுக் கேளிக்கை இடத்தில் நுழைய விடாமல் தடுப்பது அந்தச் சட்டப்படி குற்றம். பொதுமக்கள் அனுமதிக்கப்பட்டு, நிகழ்ச்சி நடக்கும் எந்த இடமும் பொதுக் கேளிக்கை இடம்தான் என்கிறது அதன் விளக்கம். ‘பொதுமக்கள் அனுமதிக்கப்படும் இடம்’ என்ற சொற்களை நினைவில் வையுங்கள். பிறகு அதற்குத் திரும்ப வருவேன்.

கிராமத்தில் கூத்துக்கு டிக்கெட் கிடையாது. விடிய விடிய நடக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். நம்மில் கிராமத்திலிருந்து வந்தவர்களுக்கு உண்மை தெரியும். ஊரில் வரி போட்டுத்தான் கூத்து வைப்பார்கள். வரி கொடுத்த வீட்டுக்காரர் பாயை விரித்து முன்னால் உட்காருவார். சேரியில் வரி வாங்க மாட்டார்கள். நாம் கொடுக்கத் தயாராக இருந்தாலும் வாங்க மாட்டார்கள். வாங்கினால் கூத்தில் நமக்கும் பங்கு வந்துவிடும், கோயிலில் நமக்கும் பங்கு வந்துவிடும். அதனால் தமுக்கடித்து ஊருக்குச் சேதி சொல்ல நாம் வேண்டும், பார்க்க வந்தால் ஓரமாக நிற்க வேண்டும். இன்றைக்கும் திருவிழா வரி வாங்க மறுப்பதுதான் பல ஊர்களில் தகராறாக வெடிக்கிறது. காசை வாங்க மறுப்பதும் தீண்டாமைதான். டிக்கெட் விஷயத்தை நான் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்பதற்கு இதுதான் காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பார்சி நாடகக் கம்பெனிகளைப் பார்த்துத் திரைச்சீலையும் கொட்டகையும் டிக்கெட்டும் தமிழ் நாடகத்துக்கு வந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் பாலர் நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகக் கொட்டகை போட்டன. தரை, பெஞ்சு, நாற்காலி என்று டிக்கெட்டைப் பிரித்தார்கள். ‘பஞ்சமர்களுக்கு இடமில்லை’ என்று நோட்டீஸில் அச்சடித்த காலம் ஒன்று இருந்ததை நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆனாலும் கொட்டகைக்காரனுக்குக் கூட்டம் வேண்டும், வசூல் வேண்டும். கூத்துக்களத்தில் வாங்க மறுத்த காசை டிக்கெட் சன்னல் வாங்கிக்கொண்டது. காசை வாங்கிய பிறகு உட்கார இடம் கொடுத்தே ஆக வேண்டும்.

காசு சாதியை ஒழித்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நாற்காலிக்கும் தரைக்கும் நடுவில் சாதி இருந்தது. ஆனால் கொட்டகையின் உயிர் தரை டிக்கெட்டில்தான் இருந்தது. பாட்டு பிடித்தால் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டவன் அவன். பிடிக்காவிட்டால் கூச்சல் போட்டு நடிகரை உள்ளே அனுப்பியவனும் அவன்தான். அந்தச் சத்தத்துக்கு அஞ்சித்தான் நாடகம் ஒழுங்காக நடந்தது.

அடுத்து சபாவுக்கு வருவோம். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்கள், வக்கீல்கள் மேடையேறினார்கள். நாடகக்காரனுக்கு ஒரு மரியாதை வந்தது, அதை நான் மறுக்கவில்லை. பிற்காலத்தில் சென்னையில் சபாக்கள் பெருகி, ஆண்டுச் சந்தா, உறுப்பினர் அட்டை, மாதம் இத்தனை நிகழ்ச்சி என்ற ஏற்பாடு நிலைத்துவிட்டது. இங்கேதான் அந்தச் சட்டச் சொற்களுக்கு வருகிறேன். பொதுமக்களை உள்ளே விட மாட்டோம் என்று சொன்னால் குற்றம். உறுப்பினர்களுக்கு மட்டும் என்று சொன்னால் அது விதிமுறை. உறுப்பினராக அதே வட்டத்தில் தெரிந்தவர் யாராவது வேண்டும். யாரையும் தடுக்கும் வேலையே இல்லாமல் ஒரே தெருக்காரர்களால் அரங்கம் நிறைந்துவிடும்.

அப்படி நிறைந்த அரங்கம் நாடகத்தையும் மாற்றிவிடும். பார்க்கப் போகிறவர் யார் என்று எழுதும்போதே எழுத்தாளருக்குத் தெரியும். சோபாவும் தொலைபேசியும் உள்ள வரவேற்பறைதான் மேடை. அந்த வீட்டுக்குள் நம் பேச்சு வேலைக்காரர் வாயிலோ வாட்ச்மேன் வாயிலோதான் நுழையும். அவர் வாயைத் திறந்ததும் அரங்கம் சிரிக்கும். வசனத்தில் நகைச்சுவையே இருக்காது. பேசும் மொழிதான் நகைச்சுவை. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் தாய் பிள்ளையைக் கொஞ்சும் மொழி அது. டெய்லி டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முன்னால் இருப்பவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். நாங்கள் 50 பேர் அங்கே தரை டிக்கெட்டில் இருந்திருந்தால் அந்த வசனத்தை அடுத்த காட்சியில் மாற்றியிருப்பார்கள்.

சபாவிடம் கற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு. 7 மணி என்றால் 7 மணிக்குத் திரை விலகும். வசனம் மறக்காது. கடைசி வரிசைக்கும் குரல் கேட்கும். நம் நாடகக் குழுக்கள் இந்த மூன்றையும் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும்.

1977-இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். அதை ஒட்டி ஞாநியின் பரீக்ஷா, மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கம் என்று வேறொரு காற்று வீசியது. வங்காளத்தின் பாதல் சர்க்கார் 1980-இல் சென்னைக்கு வந்து பயிற்சி முகாம் நடத்தினார். டிக்கெட் கொட்டகையை விட்டு மக்கள் இருக்கும் இடத்துக்கு நாடகத்தைக் கொண்டு போக வேண்டும் என்பது அவர் வழி. வீதி நாடகம் பரவியது. நடித்து முடித்ததும் துண்டை விரித்து, விரும்பியவர் போடும் காசை வாங்கிக்கொள்வார்கள். தெருமுனையில் அதுதான் சரி. வழியில் போகிறவனை நிறுத்தி டிக்கெட் கேட்க முடியாது.

ஆனால் அதே பழக்கம் அரங்கத்துக்குள்ளும் வந்து தங்கிவிட்டது. ‘அனுமதி இலவசம், அனைவரும் வருக’ என்று போடுவதை முற்போக்கு என்று நினைக்கிறோம். தோழர்களே, இலவசம் என்று எதுவும் கிடையாது. அரங்க வாடகை, விளக்கு, ஒலிபெருக்கி, வண்டி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் யாரோ கொடுக்கிறார்கள். பெரும்பாலும் நடிப்பவரே கொடுக்கிறார். வேலைக்கு விடுப்புப் போட்டு, ஒரு மாதம் ஒத்திகைக்கு வந்து, பேருந்துக் காசையும் கையிலிருந்து போட்டு நடிக்கிறார். கடைசியில் ஒரு சால்வை போர்த்தி அனுப்புகிறோம்.

இன்னும் கசப்பாக ஒன்று சொல்கிறேன். சாவுக்கும் திருவிழாவுக்கும் கூலி பேசாமல் வந்து பறையடி என்று ஊர் கட்டளையிட்டது. இனி அடிக்க மாட்டோம் என்று மறுத்துப் பல ஊர்களில் அடி வாங்கியவர்கள் நம் அப்பாக்கள். அந்தப் பறையை இழிவிலிருந்து மீட்டுக் கலையாக மேடையேற்றியிருக்கிறோம். மேடைக்கு வந்த பிறகும் கூலி இல்லாமல்தான் அடிக்க வேண்டும், இயக்கத்துக்காக அடி என்று சொன்னால், கட்டளையிடுகிறவர் மட்டும்தானே மாறியிருக்கிறார்? கலைஞருக்குக் காசு கொடுக்காத விடுதலை அரங்கு எனக்குப் புரியவில்லை.

இன்றைய நிலைமைக்கு வருகிறேன். இப்போது டிக்கெட் செல்போனில் வாங்க வேண்டும். டிக்கெட் விலைக்கு மேல் வசதிக் கட்டணம் என்று தனியாக எடுக்கிறார்கள். ஜிஎஸ்டி வந்தபோது 250 ரூபாய் வரையிலான நாடக டிக்கெட்டுக்கு வரி விலக்கு இருந்தது, 2018 ஜனவரியில் அதை 500 ரூபாயாக உயர்த்தினார்கள். நம் குழுக்கள் விற்கும் டிக்கெட் எதுவும் அந்த வரம்பைத் தொடப்போவதில்லை. ஆகவே வரிக்குப் பயந்து டிக்கெட் போடாமல் இருக்க வேண்டியதில்லை.

செலவு டிக்கெட்டோடு முடிவதில்லை. அரங்கங்கள் மயிலாப்பூரிலும் ஆழ்வார்பேட்டையிலும் தியாகராய நகரிலும் இருக்கின்றன. நாடகம் முடிய இரவு ஒன்பதரை ஆகிறது. நகரின் நடுவிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பம் அதற்குப் பிறகு எப்படி வீடு போய்ச் சேரும்? 100 ரூபாய் டிக்கெட்டுக்கு 400 ரூபாய் ஆட்டோ. இதையெல்லாம் கணக்குப் போடாமல், நம் மக்கள் நாடகம் பார்க்க வருவதில்லை என்று மேடையில் வருத்தப்படுகிறோம்.

வந்து சேர்ந்தாலும் எல்லாம் முடிந்துவிடாது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரங்கத்தில் 300 ரூபாய் டிக்கெட் வாங்கி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நாடகம் தொடங்குவதற்குள் மூன்று முறை வந்து என் டிக்கெட்டைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு முறையும் கேட்கவில்லை. மூன்று முறையும் எடுத்துக் காட்டினேன். கையில் டிக்கெட் இருந்ததால் எழுந்திருக்கவில்லை. யாரோ கொடுத்த பாஸில் போயிருந்தால், இரண்டாம் முறையே நானாகப் பின்னால் போயிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அதனால் சில யோசனைகள் சொல்கிறேன்.

பாஸ் கேட்காதீர்கள். நம் தோழரின் நாடகம் என்றால் கட்டாயம் காசு கொடுத்துப் பாருங்கள். நாடகம் போடுகிறவர்கள் 50, 100, 200 என்று மூன்று விலை வையுங்கள். கொடுக்க முடிந்தவர் அதிகம் கொடுக்கட்டும். ஆனால் அதிகம் கொடுத்ததற்காக முன் வரிசை கிடையாது. முதலில் வந்தவர் முன்னால் உட்காரட்டும். சிறப்பு விருந்தினருக்கு என்று இரண்டு வரிசையை வெள்ளைத் துணி போட்டுக் காலியாக வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒதுக்கத்தான் வேண்டும் என்றால் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்குங்கள். செல்போனில் விற்றாலும் வாசலில் ஒரு மேசை போட்டு ரொக்கத்துக்கும் விற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு வையுங்கள். எந்தப் பேருந்தில் வரலாம், எதில் திரும்பலாம் என்று நோட்டீஸிலேயே போடுங்கள்.

200 பேர் சராசரியாக 100 ரூபாய் கொடுத்தால் 20,000 ரூபாய். வாடகை போக மீதியைப் பத்து நடிகர்களுக்குப் பிரித்தால் பெரிய தொகை வராது. வந்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்று அடுத்த நோட்டீஸில் அச்சடியுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்தவர் அடுத்த முறை 50 ரூபாய் டிக்கெட்டுக்குப் பதில் 100 ரூபாய் டிக்கெட் வாங்குவார்.

டிக்கெட்டுக்கு இன்னொரு பயன் இருக்கிறது. காசு கொடுத்தவனுக்கு, நாடகம் நன்றாக இல்லை என்று சொல்லும் உரிமை உண்டு. நம் நாடகங்களைப் பற்றி நாம் அதைச் சொல்வதில்லை. ஆதிக்கச் சாதிக்காரன் மேடைக்கு வந்ததும் கத்த ஆரம்பிக்கிறான். உண்மையில் அவன் கத்துவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து மெதுவாகத்தான் பேசுவான், அதுதான் பயமாக இருக்கும். நம் பெண் பாத்திரங்கள் பெரும்பாலும் கடைசிக் காட்சியில் சாகிறார்கள். பிழைத்து, வழக்கு நடத்தி, நீதிமன்ற வாசலில் வருடக்கணக்காக நிற்கும் பெண்களை நமக்குத் தெரியும். அவர்களை மேடையில் காணோம். கடைசியில் ஒருவர் முன்னால் வந்து சொற்பொழிவு ஆற்றாமல் நாடகம் முடிவதில்லை. நாடகமே சொல்லிவிட்டதை ஏன் திரும்பச் சொல்ல வேண்டும்? இலவசமாக வந்தவர் இதையெல்லாம் நாகரிகமாக விழுங்கிக்கொண்டு கைதட்டிவிட்டுப் போகிறார். அந்தக் கைதட்டலால் நாடகம் வளராது.

கூத்தில் நம் வரியை வாங்க மறுத்தார்கள். கொட்டகையில் காசை வாங்கித் தரையில் உட்கார வைத்தார்கள். சபாவில் நம்மை எதிர்பார்க்கவே இல்லை. இப்போது நமக்கென்று நாடகங்கள் இருக்கின்றன, குழுக்கள் இருக்கின்றன, இந்த மன்றத்தைப் போன்ற மன்றங்களும் இருக்கின்றன. நம் மேடையில் நம் கலைஞருக்கு நம் காசு போய்ச் சேர வேண்டும், நம் மக்கள் முன் வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மாணவத் தோழர்களே, அடுத்த நாடகத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்குங்கள். ஒன்று உங்களுக்கு. இன்னொன்று இதுவரை அரங்கத்துக்குள் காலடி வைக்காத உங்கள் அம்மாவுக்கு.