பூட்டும் சொல்லும்



திண்டுக்கல் என்றதும் நம் நினைவில் எழுவது மலைக்கோட்டை, அடுத்தது பூட்டு. இந்நகரின் பூட்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. பூட்டுச் செய்யும் கலையில் பேர்போன இவ்வூரில், சொல்லைப் பூட்டிவைக்கும் கலை ஒன்றைப் பற்றி இன்று சிந்திப்போம். ஒப்பந்தம் என்பது அதன் பெயர்.

ஒட்டன்சத்திரத்து வணிகர் ஒருவர், திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளியிடம், “ஒன்று 300 ரூபாய் வீதம் 100 பூட்டுகள் பொங்கலுக்குள் வேண்டும்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “ஆகட்டும், செய்து தருகிறேன்” என்கிறார் தொழிலாளி. ஒருவர் முன்மொழிந்தார், மற்றவர் ஏற்றார். பூட்டுக்கு மாறாகப் பணம், பணத்துக்கு மாறாகப் பூட்டு. இதனை மறுபயன் என்பர். இருவரும் 18 வயது நிரம்பியவராய், தெளிந்த அறிவினராய், மனமுவந்து இசைந்திருக்க வேண்டும். நோக்கமும் சட்டத்திற்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். இவை அமைந்தால் வாய்ச்சொல்லே ஒப்பந்தமாகும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கூறுவது இதுவே. நில விற்பனை போன்ற சிலவற்றிற்கே எழுத்தும் பதிவும் கட்டாயம்.

மறுபயனை, வாக்குப் பெற்றவரே தந்திருக்க வேண்டுமா? சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த சின்னையா–ராமையா வழக்கில் இக்கேள்வி எழுந்தது. மூதாட்டி ஒருவர் தம் சொத்தை மகளுக்குத் தானமாக அளித்து, தம் உடன்பிறந்தாருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தருமாறு பணித்தார். மகளும் அன்றே அவ்வாறு எழுதிக் கொடுத்தார். பின்னர், அவர்களிடமிருந்து தமக்கு எதுவும் வரவில்லை என்று கூறித் தர மறுத்தார். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. தாய் அளித்த சொத்தே மறுபயன். அது வேறொருவரிடமிருந்து வந்தாலும் போதும் என்று தீர்ப்பாயிற்று.

இனி நம் தொழிலாளியிடம் வருவோம். கடன்பட்டு இரும்பு வாங்கி, இரவும் பகலும் உழைத்துப் பூட்டுகளை முடித்துவிட்டார். வணிகரோ, “சந்தையில் விலை இறங்கிவிட்டது, எனக்கு வேண்டாம்” என்கிறார். வணிகரைச் சிறையில் அடைக்கலாமா? இயலாது. தொடக்கத்திலேயே வஞ்சக எண்ணம் இருந்தாலன்றி, வாக்குத் தவறுதல் குற்றமன்று. உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை தண்டிப்பதன்று; இழப்பை ஈடு செய்விப்பதே.

அப்பூட்டுகளை அவர் 250 ரூபாய்க்குப் பிறரிடம் விற்றால், குறைந்த 5,000 ரூபாயை வணிகரிடம் கேட்கலாம். மூலையில் துருப்பிடிக்க விட்டுவிட்டு 30,000 ரூபாயையும் இழப்பீடாகக் கேட்டால் சட்டம் இசையாது. இயன்றவரை இழப்பைக் குறைத்துக்கொள்வது பாதிக்கப்பட்டவரின் பொறுப்பு.

வழக்கு எவ்வாறு நடக்கும்? தொழிலாளி பிராது கொடுக்கிறார். அழைப்பாணை பெற்ற வணிகர் எதிருரை தருகிறார். இருவரும் மாறுபடும் செய்திகளை நீதிபதி எழுவினாக்களாக வகுத்துச் சாட்சியம் கேட்கிறார். எவர் கூற்று நம்பத்தக்கதாய் மேலோங்குகிறதோ, அவர் பக்கம் தீர்ப்பளிக்கிறார். தீர்ப்புக்குப் பின்னும் பணம் வாராவிடில், அதனை நிறைவேற்றித் தருமாறு மனுச் செய்யலாம். ஆனால், வாக்குத் தவறிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும் என்பது 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். உறங்குபவரின் உரிமை, வழக்காட முடியாத உரிமையாகிவிடும்.

வாய்ச்சொல் செல்லும் என்றேன். ஆனால் வணிகர், “நான் சொல்லவே இல்லை” என்றால்? அங்கேதான் எளியவர் தோற்கிறார். முன்பணச் சீட்டு, கைப்பேசிச் செய்தி, உடனிருந்த ஒருவரின் சாட்சியம் இவற்றில் ஒன்றேனும் வேண்டும். நம் பெற்றோரில் பலர் நம்பிக்கை ஒன்றையே முதலாகக் கொண்டு தொழில் செய்பவர்கள். படித்த நீங்கள், அவர்களுக்காக நாளும் அளவும் விலையும் குறித்து ஒரு சீட்டெழுதிக் கையொப்பம் வாங்கித் தரலாம் அன்றோ? பூட்டு எவ்வளவு உறுதியாயினும், சாவியைத் தொலைத்தவருக்கு அதனால் பயனில்லை. சொல்லாகிய பூட்டுக்குச் சான்றே சாவி.