கமிஷன் கடையும் சொந்தச் சரக்கும்

(சங்க விழாவில் ஆற்றிய உரை)



நான் ஆனைக்குட்டத்துக்காரன். மும்பையில் ஒரு வங்கியின் டீலிங் அறையில் இளநிலை டீலராக இருந்து, ஹெட்ஜ் ஃபண்டுக்குப் போனவன். "அது என்ன மாப்ளே, சீட்டுக் கம்பெனியா?" என்று ஊரில் கேட்கிறார்கள்.

விருதுநகர் கமிஷன் மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவரும் விற்பவரும் கடை தேடி வருவார்கள். நடுவில் நிற்பவருக்குக் கமிஷன். வங்கி டீலர் வேலை ஏறக்குறைய அதுதான். ஃபண்டில் கடைக்கு யாரும் வரமாட்டார்கள். மல்லி ஏறும் என்று நினைத்தால் முதலீட்டாளர் பணத்தில் நாமே வாங்கி இருப்பு வைக்கணும். கூலி, பழைய வழக்கப்படி நிர்வாகத்துக்கு 2 சதவீதம், லாபத்தில் 20 சதவீதம். வங்கியில் சம்பாதித்துக் கொடுத்தது தானா, கடையின் பெயரா என்பது இங்கே வந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

கொழும்பில் பிறந்த ராஜ் ராஜரத்தினமும் பொறியியல் படித்தவர்தான். சேஸ் மன்ஹாட்டன் வங்கியில் தொடங்கி, 1985-இல் நீதம் நிறுவனத்தில் ஆய்வாளர். 1997-இல் சொந்தமாக 'காலியன்' ஃபண்ட். 2008 வாக்கில் சுமார் 700 கோடி டாலர் அவர் கையில். கம்பெனிகளின் உள் ரகசியத்தைக் கேட்டு வியாபாரம் செய்ததாக 2009 அக்டோபரில் கைது. போனில் பேசியதெல்லாம் அரசிடம் பதிவாகியிருந்தது. 2011-இல் 11 ஆண்டு சிறை.

ஏன் சொல்கிறேன் என்றால், நேர்காணலிலேயே சிலர், "உங்க வங்கியில பெரிய வாடிக்கையாளர் எதை வாங்குறாங்க?" என்று நைசாகக் கேட்பார்கள். சொல்லாதீங்க தம்பி. வேலை போனால் போகட்டும். என்னையும் கேட்டார்கள். எதை வாங்கலாம், ஏன் என்று என் சொந்தக் கணக்குகளை இரண்டு வருடம் எழுதிய நோட்டைத்தான் நீட்டினேன். வாடிக்கையாளர் பெயர் ஒன்றுகூட அதில் கிடையாது.

சாப்பாடு தயார் என்கிறார்கள்.