ஸ்தல பரிசோதனை இல்லாமல் தீர்ப்பு வேண்டாம்

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களின் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியன் அல்ல. பி.எஸ்ஸி. ரசாயனம் படித்து, ரெவின்யூ டிபார்ட்மெண்டில் கிளார்க்காகச் சேர்ந்து, தாசில்தாராக ரிடையர் ஆனவன். இப்போது வயது 75. சில வருஷங்களாகப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் மீடியம் குழந்தைகளுக்கு வாரம் இரண்டு நாள் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். "வகுப்பில் அடங்காத குழந்தைகளை எப்படிச் சமாளிப்பது என்று பேசுங்கள்" என்று கேட்டபோது தயங்கினேன். பிறகு ஒப்புக்கொண்டேன். காரணம், என் தம்பி.

என்னைவிட அவன் இரண்டு வயது இளையவன். கை சும்மா இருக்காது, வாய் சும்மா இருக்காது. வாசிக்கச் சொன்னால் மட்டும் முரண்டு பிடிப்பான். பெஞ்சின் மேல் நிற்பதும் முட்டி போடுவதும் அவனுக்கு நித்திய கர்மம். ஒரு நாள் வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, "நீ நல்ல பையன், போய் ஒரு புளிய விளார் ஒடித்துக் கொண்டு வா" என்றார். எனக்கு ஒரே பெருமை. நல்லதாகப் பார்த்து ஒடித்துக் கொண்டு வந்தேன். அது யாருக்கு என்று அப்புறம்தான் தெரிந்தது. தம்பி அழவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டான்.

பிற்காலத்தில் அவன் கைபட்டு ஓடாத மோட்டார் கிடையாது. ஆனால் கடைசி வரை எழுத்துக் கூட்டித்தான் படித்தான். அவனுக்கு இருந்தது திமிர் அல்ல, வாசிப்பதிலேயே ஒரு தடை என்று எனக்குப் புரிந்தபோது அவன் உயிரோடு இல்லை. இப்படிப்பட்ட குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் ஆட்டிசத்தையும் 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான்: "அடங்காப்பிடாரி".

ரெவின்யூ ஆபீஸில் நான் கற்ற முதல் பாடம் ஒன்று உண்டு. நிலத் தகராறு வந்தால், மனுவை மட்டும் படித்துவிட்டு உத்தரவு எழுதக் கூடாது. ஸ்தலத்துக்குப் போக வேண்டும். வரப்பைப் பார்க்க வேண்டும். இரண்டு தரப்பையும் கேட்க வேண்டும். ஒரு சென்ட் நிலத்துக்கே இவ்வளவு செய்கிறோம். ஒரு குழந்தை விஷயத்தில் மட்டும் ஸ்தல பரிசோதனை இல்லாமலே தீர்ப்பு எழுதி விடுகிறோமே, இது நியாயமா?

நம் பிரதேசத்துக்கே உரிய ஒரு விஷயத்தையும் பாருங்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளையில் சித்தப்பா வீடு ஒரு ராஜ்யம், பாறசாலையில் நம் வீடு வேறு ராஜ்யம் என்று ஆயிற்று. இங்கே ஒரு குழந்தை வீட்டில் பேசுவது ஒரு மாதிரித் தமிழ், தெருவில் பேசுவது மலையாளம், புஸ்தகத்தில் பார்ப்பது வேறொரு தமிழ். பாடத்தில் பாதி புரியாமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பெரியவர்களான நாமே கொட்டாவி விடுவோம், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவோம். குழந்தை பெஞ்சைத் தட்டுகிறது. ஆகவே, "அடங்கவில்லை" என்று எழுதுமுன் "புரிந்ததா" என்று கேளுங்கள்.

ஸ்தல பரிசோதனையை எப்படிச் செய்வது? ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். அதற்கு முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதற்குப் பின் என்ன நடந்தது. பத்து நாள் எழுதினால் போதும். எங்கள் வகுப்பில் ஒரு பையன் தினமும் பெஞ்சைத் தட்டிக் கலாட்டா செய்வான். வகுப்பு டீச்சரும் நானும் எழுதிப் பார்த்தோம். முதல் பத்தியில் திரும்பத் திரும்ப ஒரே வரி: "உரக்க வாசிக்கும் முறை வந்தது." மூன்றாம் பத்தியிலும் ஒரே வரி: "வெளியே அனுப்பப்பட்டான்." அதாவது, வாசிப்பிலிருந்து தப்பிக்க அவனுக்கு நாங்களே வழி செய்து கொடுத்திருக்கிறோம்! தண்டனை என்று நாம் நினைத்தது அவனுக்கு விடுதலை.

பிறகு டீச்சர் முறையை மாற்றினார். மறுநாள் வாசிக்க வேண்டிய நாலே வரியை முந்தின நாளே தனியாகக் காட்டிக் கொடுத்தார். திக்கினால் யாரும் சிரிக்கக் கூடாது என்பதை வகுப்பின் விதியாக்கினார். முடியவில்லை என்றால் கூச்சல் போடாமல் புஸ்தகத்தின் மேல் பென்சிலை வைத்தால் போதும் என்று இருவருக்கும் ஓர் அடையாளம் வைத்துக் கொண்டார். கலாட்டா அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். நன்றாகக் குறைந்தது. அவன் இப்போது வாசிக்கிறான்.

ஜேக்கப் கௌனின் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர், பல வகுப்புகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970இல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். குறும்பு நடந்த பிறகு ஆசிரியர்கள் கண்டிக்கும் விதத்தில் அவர் எதிர்பார்த்த வித்தியாசம் காணவில்லை. நல்ல ஆசிரியரைப் பிரித்துக் காட்டியது, அதற்கு முன் செய்பவைதான். வகுப்பு முழுவதையும் கண்ணில் வைத்திருப்பது, பாடத்தைத் தொய்வில்லாமல் நடத்துவது போன்றவை. 1968இல் மேட்ஸன், பெக்கர், தாமஸ் என்ற மூவர் செய்த ஆய்வில், விதிகளைச் சொல்வது மட்டும் அதிகப் பலன் தரவில்லை. சின்னக் குறும்பைக் கண்டுகொள்ளாமல் விட்டு, நல்லதைச் செய்தபோது பாராட்டியதுதான் பலன் தந்தது.

இவற்றிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் சில யோசனைகள்:

விதிகள் நாலைந்துக்கு மேல் வேண்டாம். "கத்தாதே" என்பதைவிட "கை தூக்கிப் பேசு" என்பது குழந்தைக்கு வழி காட்டும்.

"வெரி குட்" என்று பொதுவாகச் சொல்லாமல், "இன்று பத்து நிமிஷம் இடத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டாயே, நன்று" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

உட்கார முடியாத குழந்தைக்கு எழுந்து நடக்க நியாயமான வேலை கொடுங்கள். நோட்டுகளை வாங்கி அடுக்கட்டும், போர்டைத் துடைக்கட்டும். பெரிய பாடத்தைச் சிறு துண்டுகளாக்கிக் கொடுங்கள்.

கண்டிப்பதானால் பக்கத்தில் போய், தாழ்ந்த குரலில், தனியாக. நாற்பது பேர் முன்னால் மானம் போன குழந்தை, போன மானத்தை மீட்கத்தான் பார்க்கும்.

அடிதடியில் இறங்கினால் முதல் கவலை எல்லோருடைய பாதுகாப்பு. மற்றக் குழந்தைகளை விலக்குங்கள், வார்த்தையைக் குறையுங்கள். உபதேசம் கோபம் தணிந்த பிறகு.

வீட்டுக்குச் சொல்லி அனுப்பும் முதல் சேதி நல்ல சேதியாக இருக்கட்டும். புகாருக்கு மட்டும் கூப்பிட்டால் தகப்பனார் பெல்ட்டோடு வீட்டில் காத்திருப்பார்.

"அடித்து வளர்க்காத பிள்ளையும் முறுக்கி வளர்க்காத மீசையும் உருப்படாது என்று பெரியவர்கள் சொல்லவில்லையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். சொன்னார்கள். என் தம்பியை அடித்தார்கள். வாசிப்பு வந்ததா? இன்று சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடலை வருத்தும் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

நாற்பது குழந்தைகளை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் தனியாக இதையெல்லாம் செய்வது கஷ்டம்தான். தனியாகச் செய்ய வேண்டாம். வட்டார வள மையங்களில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது. கேட்கும் திறனிலோ பேச்சிலோ சந்தேகம் என்றால் 'நிஷ்' நிறுவனம் இருக்கிறது. காது சரியாகக் கேட்காத குழந்தையைக்கூட நாம் "சொன்ன பேச்சுக் கேட்காதவன்" என்று சொல்லிக் கொண்டிருக்கலாம். ஆனால் வியாதிக்குப் பெயர் வைப்பது டாக்டர் வேலை. ஆசிரியரோ தாத்தாவோ அதைச் செய்ய வேண்டாம். நம் வேலை, பார்த்ததை எழுதி வைத்து, அந்த நோட்டோடு போய் நிற்பது.

பல ஊர்களில் இருக்கும் அங்கத்தினர்களே, உங்கள் பேரன் பேத்தியைப் பற்றிப் பள்ளியிலிருந்து புகார் வந்தால், கோபப்படுவதற்கு முன் அந்த மூன்று பத்தியை நினைத்துக் கொள்ளுங்கள். "நல்ல பையன்" என்று பெயர் வாங்கிய குழந்தைகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். யார் கேட்டாலும் விளார் ஒடித்துக் கொடுக்க வேண்டாம்.