பூட்டிக்கொண்ட போனும் நம்ம பேர்ல இருக்க வேண்டிய கணக்கும்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



சேமிப்பு, கடன் பற்றியெல்லாம் மற்றவர்கள் பேசிவிட்டார்கள். நான் நம்ம கையில இருக்கிற போனைப் பற்றிப் பேசுறேன். நான் கணக்கு எழுதுவதால், "போன் பூட்டிக்கிச்சு, நம்பர் மறந்துபோச்சு" என்று பலர் என்னிடம் வருகிறார்கள்.

ஏன் மறக்கிறது? தினமும் விரல் வைத்தே திறக்கிறோம். ஒருநாள் சார்ஜ் இறங்கி அணைந்து, மறுபடி ஆன் பண்ணும்போது விரலை ஏற்காது, எண்ணைத்தான் கேட்கும். அதனால எண் மறந்து, விரல் வச்சா இன்னும் திறக்குதுன்னா, போனை அணைக்காதீங்க. சார்ஜில போட்டு, அன்னைக்கே போட்டோ, முக்கியமான நம்பர் எல்லாத்தையும் வேற இடத்துக்கு மாத்திடுங்க.

முழுசா பூட்டிக்கிட்டா, குத்துமதிப்பா எண்களை அடிச்சுக்கிட்டே இருக்காதீங்க. தப்பாகப் போடப் போட, காத்திருக்கும் நேரம் கூடும். பணம் போச்சேன்னு பயப்படவும் வேண்டாம். பணம் வங்கியில் இருக்கிறது, போனில் இல்லை. சிம்மை எடுத்து வீட்டில் உள்ள வேறொரு போனில் போட்டால் ஓடிபியும் அழைப்பும் அதில் வரும்.

எண் தெரியாத ஆண்ட்ராய்டு போனைத் திறக்கப் பெரும்பாலும் ஒரே வழி, உள்ளே இருப்பதை அழித்துப் புதுசு போல ஆக்குவதுதான். கூகுள் கணக்கில் ஏற்கெனவே சேமித்திருந்த போட்டோவும் நம்பரும் மட்டும் திரும்ப வரும். "எதுவும் அழியாம திறந்து தர்றேன்" என்று யாராவது சொன்னால், காசு கொடுக்கும் முன் யோசியுங்கள்.

அழித்த பிறகும் வேலை முடியாது. திருடியவன் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக, முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கைப் போன் கேட்கும். இங்கேதான் நாம மாட்டிக்கிறோம்.

எங்க ஊராட்சியில் தையல் தைக்கிற ஒரு அக்கா. போன் வாங்கிய அன்னைக்குக் கடைத் தம்பியே ஏதோ ஒரு கணக்கைப் போட்டுக் கொடுத்திருந்தான். கேட்டால் அவனுக்கும் நினைவில்லை. வாங்கிய ரசீது பத்திரமாக இருந்ததால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டிப் போனைத் திறக்க முடிந்தது. ஆனால் வாடிக்கையாளர்களின் அளவும், 3 வருஷமாகச் சேர்த்த ரவிக்கை மாடல் படங்களும் போயின. எல்லோரையும் மறுபடி கூப்பிட்டு அளவெடுத்தார்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஐந்து வேலை செய்யுங்க.

1. செட்டிங்ஸில் கூகுள் என்பதைத் தொட்டு, யார் மெயில் என்று பாருங்கள். மகன் பேரிலோ கடைக்காரர் பேரிலோ இருந்தால், உங்க பேர்ல ஒண்ணு தொடங்கி, உள்ளதை அதற்கு மாற்றுங்கள்.
2. அந்தக் கணக்கில் உங்கள் சொந்த நம்பரைச் சேருங்கள். பாஸ்வேர்டு மறந்தால் அது கைகொடுக்கும்.
3. பேக்கப்பை ஆன் பண்ணுங்கள்.
4. போன் திறக்கும் எண், மெயில், பாஸ்வேர்டு மூன்றையும் எழுதி, ரசீதோடு பத்திரம் வைக்கிற பெட்டியில் வையுங்கள். போன் கவருக்குள்ள வேண்டாம். யுபிஐ பின்னை எங்கேயும் எழுதாதீங்க.
5. வாரம் ஒருமுறை விரல் வைக்காமல், எண் போட்டே திறங்க.

பூட்டைத் திறந்து தருவதாகச் சொல்லி யாராவது ஓடிபி கேட்டால் சொல்லாதீங்க. பணம் பறிபோனால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

குழுக் கணக்கு நம்ம கையெழுத்தில்தானே நடக்கிறது? நம்ம சம்பாத்தியத்துல வாங்கின போனும் நம்ம பேர்ல இருக்கட்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி முடித்ததும், 10 நிமிஷம் ஒதுக்குங்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அவங்கவங்களே அடிக்கட்டும்.