தப்பு கேட்ட காதுக்கு ஒரு ‘ருத்ரா’



ஹெவி மெட்டல் என்ற சொல்லைக் கேட்டதும் வானொலியை அணைக்கக் கை நீட்டியவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது வெள்ளைக்காரர்களின் குழு அல்ல. சிங்கப்பூரில் 1992இல் கதிரேசன், சிவானந்த், பாலா என்று நம் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களைக் கொண்ட இளைஞர்கள் சேர்ந்து தொடங்கிய ‘ருத்ரா’ என்ற குழுவையும் அவர்கள் வெளியிட்ட இறுவட்டுகளையும் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நம் மலையகத்தில், ராகலைப் பக்கம் இந்த இசையைக் கேட்கிற பையன்கள் இருக்கிறார்கள். கொழும்புக்கு வேலைக்குப் போய், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் லயத்துக்கு வரும்போது ஃபோனில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அப்படி ஒரு பாட்டைப் பக்கத்தில் இருந்து கேட்ட என் பெரியம்மா, “ஏன் தம்பி, அந்த மனுசனுக்கு என்ன செய்யுது? யாராச்சும் தண்ணி குடுக்கக் கூடாதா?” என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே இரக்கப்பட்டுத்தான் கேட்டார்.

பெரியம்மாவின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அந்த உறுமல் தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்துவது அல்ல. அப்படிக் கத்தினால் இரண்டு பாட்டோடு குரல் போய்விடும். அடிவயிற்றிலிருந்து மூச்சை அடக்கி, அளந்து விட்டு, வழக்கமாகப் பேசும் குரல்நாணுக்கு மேலே இருக்கிற மடிப்புகளை அதிரவைத்து எடுக்கிற ஓசை அது. பழகப் பழகத்தான் வரும். ஒரு மணிநேரக் கச்சேரியில் உறுமிவிட்டு, இறங்கி வந்து சாதாரணமாகப் பேசுகிறவனே அந்தக் கலையில் தேர்ந்தவன்.

இந்த இசை எங்கே பிறந்தது என்று தெரிந்துகொண்டால் நமக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கம் வரும். இங்கிலாந்தின் பர்மிங்காம், இரும்பும் தகடும் செய்கிற ஆலை நகரம். டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன் அங்கே ஒரு தகட்டு ஆலையில் வேலை செய்தான். வேலையை விட்டு நிற்கிற கடைசி நாளில் இயந்திரம் அவனுடைய வலது கையில் இரண்டு விரல்களின் நுனியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவன் இடக்கைக்காரன் என்பதால் கிட்டார் தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்து மாட்டினான். அழுத்த வலிக்காமலிருக்க மெல்லிய தந்தி கட்டினான். பிற்பாடு தந்திகளின் இறுக்கத்தையே தளர்த்தி, சுருதியை இறக்கினான். 1971இல் வந்த அவனுடைய குழுவின் மூன்றாவது இசைத்தட்டில் மூன்று அரைச்சுரம் கீழே போய்விட்டார்கள். இருட்டு அறைக்குள் பாறை உருளுவது மாதிரியான அந்தக் கனத்த ஓசைக்கு, காயம்பட்ட ஒரு தொழிலாளியின் கையும் ஒரு காரணம். அந்தக் குழுதான் ‘பிளாக் சபத்’. முதல் இசைத்தட்டை 1969 ஒக்டோபரில் ஒரே நாளில் பதிவு செய்து, 1970 பெப்ரவரி 13ஆம் திகதி வெளியிட்டார்கள். தேயிலை ஸ்டோரில் ரோலருக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கதையை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஓசை உலகமெல்லாம் போனது. போன இடங்களில் பெரும்பாலானவர்கள் பர்மிங்காமையும் அமெரிக்காவையும் அப்படியே நகல் எடுத்தார்கள்: அதே தோல் உடுப்பு, அதே மண்டை ஓடு, அதே சாத்தான். கிறிஸ்தவத்தில் பிறந்து அதோடு சண்டை பிடிக்கிறவனுக்குச் சாத்தான் ஒரு பொருள். சுடலைமாடனையும் முனியாண்டியையும் கும்பிட்டு வளர்ந்தவனுக்குச் சாத்தான் வெறும் இரவல் சட்டைதான். ருத்ராவை நான் மதிப்பது இந்த இடத்தில்தான். அவர்கள் அந்தச் சட்டையைக் கழற்றிப்போட்டார்கள்.

1994இல் ‘த பாஸ்ட்’ என்ற மாதிரிப் பதிவு. பிறகு குழு கலைந்து, மறுபடி சேர்ந்தது. 1998இல் குழுவின் பெயரையே தலைப்பாக வைத்து முதல் தொகுப்பு. 2001இல் ‘த ஆர்யன் குரூசேட்’ வந்தது. மேன்மையானது என்ற பொருளில் ‘ஆர்யன்’ என்ற சொல்லை எடுத்தார்கள் என்றாலும், தமிழ்க் காதில் அது முள்ளாகத்தான் குத்துகிறது. நல்ல தலைப்பு என்று என்னால் சொல்ல முடியாது. 2003இல் ‘குருக்ஷேத்ரா’. தாங்கள் செய்வதற்கு ‘வேதிக் மெட்டல்’ என்று அவர்களே பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

இதுவரை சொன்னது வளர்ச்சிக் கதை. உண்மையான சாதனை இதற்குப் பிறகு. 2005இல் ‘பிரம்மவித்யா: பிரைமோர்டியல் ஐ’, 2009இல் ‘பிரம்மவித்யா: டிரான்சென்டென்டல் ஐ’, 2011இல் ‘பிரம்மவித்யா: இம்மோர்டல் ஐ’ என்று மூன்று தொகுப்புகள் வந்தன. வேதாந்தம் படிக்கிறவர்கள் உபநிடதம், பகவத்கீதை, பிரம்மசூத்திரம் ஆகிய மூன்றையும் அடிப்படை நூல்களாக வைப்பார்கள். ருத்ரா ஒவ்வொரு தொகுப்புக்கும் அந்த மூன்றில் ஒன்றை அடித்தளமாக வைத்துக்கொண்டது. பாடகரும் பேஸ் கிட்டார் வாசிப்பவருமான கதிரேசன் வேதாந்தத்தை முறையாகப் பாடம் கேட்டவர். அதனால் மந்திரங்கள் பாட்டில் ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வந்து நிற்பதில்லை, பாட்டின் வாதமே அவற்றில்தான் நடக்கிறது.

‘ஃபியூஷன்’ என்ற பெயரில் நாம் கேட்கிற பலவற்றில் என்ன நடக்கிறது? மேல்நாட்டு டிரம்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். நடுவே புல்லாங்குழல் ஒரு சுற்று வரும், வீணை இரண்டு சுரம் சொல்லும். எல்லாரும் கைதட்டுவார்கள். அது வெறும் தோரணம். ருத்ரா தோரணம் கட்டவில்லை. கிட்டார், பேஸ், டிரம்ஸ், உறுமல் என்று மெட்டலின் கருவிகளை அப்படியே வைத்துக்கொண்டு, அந்தக் கருவிகள் எதைப் பேச வேண்டும் என்பதை மாற்றினார்கள். 2009 தொகுப்பில் உள்ள ‘ஹிம்ஸ் ஃப்ரம் த பிளேசிங் சேரியட்’ என்ற பாட்டைக் கேளுங்கள். தலைப்பிலேயே எரிகிற தேர் நிற்கிறது. குருசேத்திரத்தில் இரண்டு படைக்கும் நடுவே நிறுத்திய தேர் அது. வில்லைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்த அருச்சுனனுக்குச் சொல்லப்படும் பேச்சை மெல்லிய குரலில் பாடினால்தான் சரியாக இருக்குமா? சங்கும் முரசும் முழங்குகிற களத்தில் சொன்ன பேச்சு அல்லவா அது. அந்தப் பேச்சைச் சுற்றி இருந்த இரைச்சலையும் சேர்த்து இவர்கள் வாசிக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். அருச்சுனனை நமக்குக் கீதைப் புத்தகம் அறிமுகப்படுத்தவில்லை, அர்ச்சுனன் தபசு கூத்து அறிமுகப்படுத்தியது. உருத்திரனை நாம் மாசி மாதத்தில் பார்க்கிறோம். காமன் ஊன்றி, ரதியும் மதனும் வேடம் கட்டி, கடைசியில் சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிகிற அந்த இரவில், வீரபத்திரன் வேடக்காரன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வரும்போது தப்பு எப்படி அடிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதலில் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சுவார்கள். பனிக்குத் தோல் தொய்ந்துபோயிருக்கும். சூடு ஏற ஏற இறுகும். விரலால் சுண்டிப் பார்த்து, ‘ணங்’ என்று வந்த பிறகே தோளில் மாட்டுவார்கள். ஒரு கையில் மெல்லிய நீளக் குச்சி, மறு கையில் கட்டைக் குச்சி. கட்டைக் குச்சி அடியைப் போட, நீளக் குச்சி அதன் இடைவெளிகளை நிரப்பிக்கொண்டே போகும். மெட்டல் டிரம்ஸ்காரன் இரண்டு காலாலும் அடித்தாளத்தை ஓடவிட்டு, கைகளால் அதன்மேல் வெட்டு வைப்பதும் இதே கணக்குதான். வீரபத்திரன் வருகிற நேரத்தில் தப்பு எடுக்கிற வேகத்தைக் கேட்ட காதுக்கு, ருத்ராவின் சிவானந்த் டிரம்ஸ் வாசிப்பது அந்நியமாக இருக்காது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும்.

ஆனால் நம் பையன்களில் பலர் ஃபோனில் மெட்டல் கேட்பார்கள், தப்பைத் தொடமாட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பு, சாவு வீட்டுக்குத் தப்பு, சாமிக்குத் தப்பு என்று எல்லாவற்றுக்கும் அது வேண்டியிருந்தது. அடிக்கிறவனை மட்டும் சாதி சொல்லித் தள்ளி நிறுத்தினோம். அந்த அவமானத்தை விட்டு ஓடுகிறவன் கருவியையும் சேர்த்து விட்டுத்தான் ஓடுவான். சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்து வைத்தாரே, அந்த மாதிரித் தப்பு அடிகளையும் இன்னும் நிறையப் பதிவு செய்து வைக்க வேண்டும். எத்தனை வகை அடி, எதற்கு எது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ருத்ராவிடம் எனக்கு ஒரு பெரிய குறையும் இருக்கிறது. பாட்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில், நடுநடுவே சமஸ்கிருதம். தமிழுக்கு அங்கே இடம் மிகக் குறைவு. உக்கிரமான சிவனைத் தேடிப் போகிறவர்கள் காரைக்கால் அம்மையாரின் வாசலைத் தட்டாமல் போனது எப்படி என்று எனக்கு விளங்கவே இல்லை. திருவாலங்காட்டுப் பதிகங்களை எடுத்துப் பாருங்கள். சுடுகாடு, எரிகிற பிணம், வற்றிய முலையும் குழிந்த கண்ணுமாகப் பேய், அதன் நடுவே ஆடுகிற இறைவன். ஒரு பாட்டில் பண்ணின் சுரங்களையும் வரிசையாகத் தோற்கருவிகளையும் பெயர் சொல்லி அடுக்கி, இத்தனையும் முழங்க ஆடுகிறான் என்கிறார். தன்னையே பேய் என்று சொல்லிக்கொண்ட ஒரு பெண் பாடியது அது. ஐரோப்பாவின் எந்த மெட்டல் குழுவும் அவ்வளவு தைரியமாகச் சுடுகாட்டுக்குள் போனதில்லை. இந்தக் குழு அந்தப் பதிகத்தைக் கையில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. உபநிடதத்தின் ‘நான்’ எது என்ற விசாரணை உயர்ந்ததுதான். ஆனால் அது வகுப்பறையின் வாசனையோடு வருகிறது. அம்மையாரிடம் சாம்பல் வாசனை இருக்கிறது, மெட்டலுக்கு அதுதான் தேவை.

மூன்று தொகுப்புகளுக்குப் பிறகு 2013இல் ‘ருத’, 2016இல் ‘எனிமி ஒஃப் டூவாலிட்டி’ என்று தொடர்ந்திருக்கிறார்கள். வாசிப்பில் பிசிறு இல்லை. ஆனால் என் காதுக்கு அந்த மூன்றில் இருந்த அவசரம் இவற்றில் கொஞ்சம் அடங்கிவிட்டது. சொல்ல வந்த பெரிய விஷயத்தைச் சொல்லி முடித்தவர்களின் நிதானம் அது. குழுவின் கிட்டார்காரர்கள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறார்கள். கதிரேசனும் சிவானந்தும்தான் தூண்கள்.

நம் நாட்டிலும் இந்த இசைக்கு ஆட்கள் உண்டு. கொழும்பின் ‘ஸ்டிக்மாட்டா’ குழு, பாடகர் சுரேஷ் டி சில்வாவின் முன்னிலையில், 2003இல் ‘ஹாலோ டிரீம்ஸ்’ தொடங்கி 2015இல் ‘த அசெட்டிக் பாரடொக்ஸ்’ வரை நான்கு தொகுப்புகள் வெளியிட்டிருக்கிறது. அவர்களைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேசலாம்.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஃபோனின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். அடித்தாளமும் பேஸ் கிட்டாரும் அதில் காணாமல்போய், இரைச்சல் மட்டும் மிஞ்சும். அப்புறம் பெரியம்மா சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். ஹெட்போன் மாட்டுங்கள், இல்லையென்றால் திருவிழாவுக்குக் கட்டுகிற மாதிரிப் பெரிய பெட்டியில் போடுங்கள். முதலில் 2009 தொகுப்பின் அந்தத் தேர்ப் பாட்டு. சொல் புரியாவிட்டால் கவலைப்படாமல், முதல் தடவை டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை கிட்டார்காரர் உள்ளங்கையைத் தந்திமேல் வைத்து ஓசையை அமுக்கி அமுக்கி விடுவதைக் கவனியுங்கள். குரலை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம். அது பிடித்துப்போனால் 2005 தொகுப்புக்குப் போங்கள், மூன்றில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். 1998இன் முதல் இறுவட்டைக் கடைசிக்கு வையுங்கள். ஒலிப்பதிவு மெலிந்திருக்கும், வாசிப்பில் கரடுமுரடு தெரியும். ஏழு ஆண்டுகளில் இந்தப் பையன்கள் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்கள் என்பது அதைக் கேட்கும்போதுதான் பிடிபடும்.